மிஷினில் சிக்கிய அரிவாள் என்னுடையதல்ல

குழல்வாய்மொழி, வயது 47, க/பெ இசக்கியப்பன், வடக்குத் தெரு, இலஞ்சி. விசாரித்தபோது சொன்னதாவது:

நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து, அறுப்புக்குப் பெண்களைக் கூட்டிப் போகும் வேலை பார்த்து வருகிறேன். பாவூர்சத்திரம் பாண்டிராஜின் அறுவடை மிஷினுக்குள் இரும்பைப் போட்டு உடைத்ததாக என் மீது புகார் தரப்பட்டிருக்கிறது. அது பொய். இதில் என்னைப் பிடித்து உள்ளே வைத்தால் என்னை நம்பி வருகிற பெண்களுக்கு இந்த அறுப்பே போய்விடும்.

நேற்றுக் காலை நயினார் அண்ணாச்சி வயலுக்குப் போனோம். மிஷின் திரும்புவதற்காக நான்கு மூலையையும் முதலில் நாங்கள் கையால் அறுத்துக் கொடுப்பது வழக்கம். அறுத்து முடித்த பின்பு பாண்டிராஜ், "போதும்க்கா, இனி ஒங்களுக்கு இங்கன சோலி இல்ல" என்றார். எனக்குக் கோபம் வந்தது. "ஏலே, ஒம் மிசினு பாதி வயல்ல படுத்துரும் பாரு" என்று நான் சொன்னது உண்மை. எல்லோர் முன்னிலையிலும்தான் சொன்னேன்.

அதன் பின்பு மிஷின் இறங்கி, சாய்ந்து கிடந்த நெல்லுக்காகக் கத்தியைத் தரையோடு தாழ்த்தி ஓட்டி வந்தபோது பெரிய சத்தத்துடன் நின்றுவிட்டது. கத்திப் பற்களுக்கு இடையில் துருப்பிடித்த, பிடியில்லாத அரிவாள் ஒன்று மாட்டியிருந்தது. பாண்டிராஜ் அதை உருவி, "இவ அரிவாதான் இது, காலைலயே சாபம் விட்டா" என்று கூச்சல் போட்டார்.

நாங்கள் வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறவர்கள். அரிவாளை வயலில் போட்டால் மிஷினுக்கு முன்னால் எங்கள் காலைத்தான் பதம் பார்க்கும். அதனால் அரிவாளை இடுப்பில் செருகாமல் யாரும் வரப்பு ஏற மாட்டோம். இன்று தங்களையும் கிராம நிர்வாக அலுவலரையும் அழைத்துப் போய் மிஷின் நின்ற இடத்தைக் காட்டினேன். அது இந்த வருஷம் அண்ணாச்சி ஜேசிபி விட்டுச் சமப்படுத்திய மேடு. சேற்றைத் தள்ளியதும் உடைந்த தாழியின் வாய் தெரிந்தது. உள்ளே எலும்பும், அதே மாதிரி இன்னொரு இரும்பு அரிவாளும் கிடந்தன. இது செத்தவர்களைப் புதைத்த முதுமக்கள் தாழி, பல ஆயிரம் வருஷத்துக்கு முந்தியதாக இருக்கும், ஜேசிபி பட்டு உடைந்திருக்கும் என்று அலுவலர் சொன்னார்.

அப்போதும் பாண்டிராஜ் விடவில்லை. என் அரிவாளை வாங்கி அதன் பக்கத்தில் வைத்து, "வளைவப் பாருங்க சார், அச்சு அசல் ஒண்ணுபோல இருக்கு" என்றார். இருக்கிறதுதான். நெல்லை வேறு எப்படி அறுப்பது? வளைவு ஒன்று என்பதால் அந்த அரிவாள் என்னுடையது என்றால், தாழிக்குள் கிடந்த எலும்பும் என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

மிச்ச வயலில் மிஷின் இறங்கக் கூடாது என்று அலுவலர் சொல்லிவிட்டார். நெல் முளைக்கும் நிலையில் இருப்பதால் நயினார் அண்ணாச்சி என்னிடம், "நாளைக்கு ஆளக் கூட்டிட்டு வாரியாம்மா?" என்று கேட்டார். பாண்டிராஜ் முதலில் புகாரைத் திரும்ப வாங்கட்டும், அரிவாளோடு வருகிறேன் என்றேன்.

இதுவரை சொன்னது யாவும் நடந்தது நடந்தபடி. வாசித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) குழல்வாய்மொழி