ஆறாம் மாடி

படம் பார்க்கும்போது நான் எதுவும் சாப்பிடுவதில்லை. சோளப்பொரி மெல்லுகிற சத்தத்தில் படத்தின் பாதிச் சத்தம் போய்விடும். ஒரு வசனம் போனால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கலாம். தூரத்தில் ஒரு கதவு மூடுகிற சத்தம் போனால் போனதுதான். மனைவி இருந்த காலத்தில் அவளையும் சாப்பிட விட்டதில்லை. கொஞ்ச நாளில் அவள் என்னோடு படத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

இதையெல்லாம் விட்டுவிட்டு விஷயத்தை எழுதும்படி உங்கள் பொலிஸ் மொழிபெயர்ப்பாளர் நிலாணி சொன்னார். உங்கள் கேள்வி எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் பத்திரிகையில் ஆறாம் மாடி என்று எழுதியிருந்தேன். அந்த ஆள் ஆறாம் மாடியில் இறங்கவே இல்லை. லிஃப்டில் ஏறியவர் நேரே எட்டாம் மாடிக்குப் போயிருக்கிறார். அது எப்படி என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. விமர்சகர் என்று சொல்லிக்கொண்டு திரிகிற பலருக்கு இப்படி ஒரு கேள்வி தோன்றாது. பதில் சொல்லுவேன், ஆனால் வரிசையாகத்தான் சொல்லுவேன்.

என் பெயர் இரத்தினவேல். வயது அறுபத்துமூன்று. மிசிசாகாவில் விமானச் சரக்குக் கிடங்கொன்றில் வேலை. இருபத்தாறு வருடமாக ஸ்காபரோவில் வெளிவரும் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் திரைவிமர்சனம் எழுதி வருகிறேன். பத்திரிகை தமிழ்க் கடை வாசல்களில் இலவசமாகக் கிடக்கும். சனங்கள் மரக்கறியோடு ஒன்றை எடுத்துப் பைக்குள் வைப்பார்கள். ஒருமுறை ஒரு சொந்தக்காரர் வீட்டில் அதை விரித்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார்கள். என் பக்கம்தான் மேலே இருந்தது. பக்கத்தின் அடியில் என் போன் இலக்கமும் போடுவார்கள். இருபத்தாறு வருடத்தில் இரண்டு தரம் அடித்திருக்கிறது. இரண்டு பேரும் பக்கத்து விளம்பரத்தில் இருந்த வாடகை வீட்டை விசாரித்தார்கள்.

இன்றைக்கு விமர்சனம் என்பது வேறு. படம் முடிந்து பத்து நிமிடத்துக்குள் தியேட்டர் கார்ப் பார்க்கில் காருக்குள் இருந்தபடியே போனை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, முதல் பாதி ஓகே, இரண்டாம் பாதி இழுவை, ஐந்துக்கு இரண்டரை என்று முடித்துவிடுவார்கள். அந்தக் காட்சியில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்று கேளுங்கள், முழிப்பார்கள். அவர்களை நாற்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள். பொறாமையில் சொல்லவில்லை. வாக்குமூலத்தில் பொய் எழுதக்கூடாது, கொஞ்சம் பொறாமையும் உண்டு.

விமர்சகனுக்குக் கதை தெரிந்தால் போதாது. வெளிச்சம் தெரியவேண்டும், சத்தம் தெரியவேண்டும். முக்கியமாக, எங்கே வெட்டி எங்கே ஒட்டியிருக்கிறார்கள் என்று தெரியவேண்டும். இவை தெரியாதவன் படத்தைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்பது என் கொள்கை.

இந்த மார்ச் மாதம் அஸ்மியா தன்னுடைய ஆவணப்படத்தை எனக்கு அனுப்பியிருந்தாள். முப்பது வயதுகூட ஆகாத பிள்ளை, முதல் படம். பெயர் 'மூன்று பூட்டு'. எனக்கு மட்டும் என்று சொல்லி இணைப்பை அனுப்பி, ஒரு விமர்சனம் எழுதச் சொன்னாள். கணவனிடமிருந்து தப்பி வந்த ஒரு பெண்தான் படம் முழுக்கப் பேசுகிறாள். சன்னலுக்கு முதுகு காட்டி இருக்கிறாள், முகம் இருட்டு. குரலையும் மாற்றியிருந்தார்கள். பெயர் சொல்லப்படவில்லை. வாசல் கதவுக்கு மூன்று பூட்டுப் போட்டிருக்கிறாள். நடைபாதைக் கோடியில் குப்பை போடும் இடத்துக்குப் போய்வரும் ஒரு நிமிடம்தான் தனக்கு நாளிலேயே பயமான நேரம் என்கிறாள்.

முப்பத்துமூன்றாவது நிமிடத்தில் அவள் சொல்கிறாள், அவர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை, கை வைப்பதற்கு முன் மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார், அவ்வளவுதான் என்று. அப்போது திரை முழுக்கக் கறுப்பாகிறது. மரத்தில் ஓர் உலோகம் படுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. அந்த ஒரு சத்தத்துக்காகவே அஸ்மியாவைப் பாராட்டி ஒரு பந்தி எழுதினேன். அதை யாரும் பேசுவதில்லை.

எல்லாரும் பேசுவது அடுத்த பந்தியைப் பற்றி. முகத்தை மறைத்த பிள்ளைக்கு இடத்தை மறைக்கத் தெரியவில்லை என்று எழுதினேன். அது தொழில்நுட்பக் குறை, சுட்டிக்காட்ட வேண்டியது என் வேலை. சும்மா சொன்னால் வெறும் அபிப்பிராயம் என்பார்கள், அதனால் ஆதாரங்களோடு எழுதினேன். வெயில் சாயும் நேரத்தில் அவளுடைய தோளில் வெளிச்சம் விழுகிறது, ஆகவே சன்னல் மேற்குப் பக்கம். திரைச்சீலைக்குப் பின்னால் மின்கோபுர வரிசை தெரிகிறது. ஒரு காட்சியில் கண்ணாடியில் மரக்கறிக் கடையின் பச்சை விளக்கு படுகிறது. இந்த மூன்றும் சேர்ந்த கட்டடம் மோர்னிங்சைட்டில் ஒன்றுதான், எந்தக் கட்டடம் என்றும் எழுதினேன். அவள் லிஃப்டில் மேலே போகும் காட்சியில், ஒவ்வொரு மாடியைக் கடக்கும்போதும் ஒரு மணிச்சத்தம் வருகிறது. எண்ணிப் பார்த்து ஆறாம் மாடி என்று எழுதினேன்.

பத்திரிகை வந்த வெள்ளிக்கிழமை அஸ்மியா போன் எடுத்தாள்.

"அங்கிள், அந்தப் பந்திய மட்டும் எடுத்துடுங்க, ப்ளீஸ். அவங்க இன்னும் அங்கதான் இருக்காங்க."

"பிள்ளை, படத்தில இருக்கிறதைத்தான் நான் எழுதினனான்."

"அவங்கட ஹஸ்பன்ட் தேடிட்டு இருக்கார் அங்கிள். வேற வீடு பாத்திருக்கோம், ஒண்டாம் திகதிதான் கிடைக்கும். அதுவரைக்கும் சரி..."

"என்ர பக்கத்தை ஆர் பிள்ளை வாசிக்கினம்?"

இதை நான் பணிவாகத்தான் சொன்னேன். அவள் 'இல்லை அங்கிள்' என்று மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஒருத்தரும் வாசிக்கிறல்ல, அது தெரியும். வாசிக்கக்கூடாத ஒரு ஆள் வாசிச்சா போதும்."

எனக்குக் கோபம் வந்தது. அவள் கேட்டதற்காக வரவில்லை. 'அது தெரியும்' என்று சொன்னாளே, அதற்கு வந்தது. ஒரு கமாவைக்கூட எடுக்கமாட்டேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். அவள் ஆசிரியர் அலெக்ஸாண்டரைப் பிடித்துவிட்டாள். ஒரு மணித்தியாலத்தில் இணையத்திலிருந்து என் விமர்சனம் முழுவதையும் எடுத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அச்சுப் பிரதிகள் காலையிலேயே கடைகளுக்குப் போயிருந்தன.

அன்று மாலை அவளுக்கு ஒரு பதில் எழுதலாம் என்று படத்தை மறுபடி போட்டேன். லிஃப்ட் காட்சியில் கமரா அவளுடைய கையை மட்டும்தான் பார்க்கிறது. முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பை. நான்காவது மணிச்சத்தம் வரை பை வலக்கையில் இருக்கிறது. பிறகு இடக்கையில் இருக்கிறது. நடுவில் வெட்டியிருக்கிறார்கள். நான் முழுப் பயணம் என்று நம்பி எண்ணியது வெட்டி ஒட்டிய துண்டு.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இருபத்தாறு வருடத்தில் ஒரு வெட்டைத் தவறவிட்டேன், அதுவும் அச்சில், என் பெயருக்குக் கீழே. இரவு நித்திரை இல்லை. ஞாயிற்றுக்கிழமை மோர்னிங்சைட்டுக்குப் போனேன். கட்டடத்தின் மேற்குப் பக்கக் கார்ப் பார்க்கில் நின்று, படத்தில் வந்த திரைச்சீலையைத் தேடினேன். மெரூன் துணி, வெள்ளைப் பூ. கீழிருந்து எண்ணினேன், எட்டு. மறுபடியும் எண்ணினேன், எட்டுத்தான்.

திரைச்சீலை விலகியது. ஒரு பெண் கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் விட்டாள். அவ்வளவு பாடுபட்டு மறைத்த முகம். சாதாரணமான முகம்தான், கொஞ்சம் களைப்பு. கீழே நின்ற என்னைக் கண்டாள். தண்ணீர்ப் போத்தலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள், பிறகு சீலையை இழுத்து மூடினாள். நான் அவளுக்கு எந்தக் கெடுதியும் நினைத்துப் போகவில்லை. சரிபார்க்கத்தான் போனேன்.

திங்கட்கிழமை அலெக்ஸாண்டரிடம் ஒரு பிழைதிருத்தம் போடச் சொன்னேன். ஒரே வரி, ஆறாம் மாடி என்பதை எட்டாம் மாடி என்று வாசிக்கவும்.

"அண்ணை, உங்களுக்கென்ன விசரோ?" என்றார். போனை வைத்துவிட்டார்.

புதன்கிழமை என் போன் அடித்தது. நான் வாடகை வீட்டு ஆள் என்று நினைத்தேன்.

"அண்ணை, உங்கட விமர்சனத்தை மூண்டு தரம் வாசிச்சிட்டன். தோளில வெளிச்சம் விழுறதை வைச்சு மேற்கு எண்டு எப்பிடிப் பிடிச்சனீங்கள்? கிழக்குப் பக்கமெண்டாலும் காலமை விழுந்திருக்குமல்லோ?"

இருபத்தாறு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. மேசையில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது என்பதையும் மறந்து நாற்பது நிமிடம் பேசினேன். பேர் ஜனார்த்தன் என்றார், பிறம்ரனில் ட்ரக் ஓடுவதாகச் சொன்னார். இந்தப் படத்தை எங்கே பார்க்கலாம் என்று கேட்டார். எங்கும் பார்க்க முடியாது, இணைப்பு என்னிடம் இருந்தது. சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஒரு கோப்பிக் கடையில் சந்திக்க ஒத்துக்கொண்டேன்.

துவைத்துத் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் உள்ளே போனதும் எழுந்து நின்றார். என் பக்கத்தைப் பத்திரிகையிலிருந்து தனியாகக் கிழித்து நான்காக மடித்து வைத்திருந்தார். பேனையால் அங்கங்கே கோடு போட்டிருந்தார். மீன் செதிள் படாத என் பக்கத்தை இன்னொருவர் கையில் நான் கண்டது அன்றைக்குத்தான். கண் கலங்கிவிட்டது, அதையும் எழுதுகிறேன்.

கணினியைத் திறந்து ஆளுக்கொரு காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு பார்த்தோம். அவர் ஒன்றும் குடிக்கவில்லை, ஒன்றும் சாப்பிடவில்லை. மாற்றிய குரல் தொடங்கியதும் தலையைச் சரித்துக் கேட்டார். முப்பத்துமூன்றாவது நிமிடம் வந்தது. கறுப்புத் திரை, அந்தச் சத்தம். "நிப்பாட்டுங்கோ அண்ணை," என்றார்.

நிறுத்தினேன். அவர் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

அதே சத்தம். அஸ்மியா அந்தச் சத்தத்தை எங்கோ பதிவுசெய்து பிறகு சேர்த்திருப்பாள். எவ்வளவு சரியாகச் சேர்த்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள், அவர் யாரென்று தெரியாதா என்று. போனில் பேசியபோது தெரியாது. மோதிரத்தை வைத்தபோது தெரிந்தது. பார்க்கப் பழகிய கண், காணாமல் விடாது.

"ஆறாம் மாடியெண்டு எழுதியிருக்கிறியள் அண்ணை," என்று கோடு போட்ட இடத்தில் விரலை வைத்தார். "ஷுவரோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஆறாம் மாடியில் அந்தப் பக்கம் ஒரு வயதான பிலிப்பினோத் தம்பதி இருப்பதாக நீங்கள்தான் சொன்னீர்கள். கதவைத் திறந்து, வீடு மாறி வந்துவிட்டாய் என்று அனுப்பியிருப்பார்கள். ஒன்றாம் திகதிக்கு ஆறு நாள்தான் இருந்தது. அதற்குள் அவள் புது வீட்டுக்குப் போயிருப்பாள். கணினியை மூடிவிட்டுக் கழிவறைக்குப் போய் உங்களுக்குப் போன் எடுத்திருக்கலாம். இவ்வளவும் அந்த மேசையில் இருந்தபடியே யோசித்தேன். அவருடைய விரல் என் வரியின் மேல் இருந்தது. அந்த வரி பிழை.

படத்தைப் பின்னால் ஓட்டி லிஃப்ட் காட்சிக்குக் கொண்டுபோனேன்.

"கையைப் பாரும் தம்பி. பை வலக்கையில இருக்கு. இப்ப பாரும், இடக்கை. நடுவில வெட்டியிருக்கு. நான் முதல் கவனிக்கேல்லை."

"அப்ப?"

"ஆறில்லை, எட்டு. நான் நேர போய்ப் பாத்தனான். மெரூன் திரைச்சீலை."

அவர் பேனையை எடுத்து என் பக்கத்தில் ஆறை வெட்டி எட்டு என்று எழுதினார். மோதிரத்தைப் போட்டுக்கொண்டு கை கொடுத்தார். "நல்லாப் பாக்கிறியள் அண்ணை," என்றார். வீட்டுக்கு வரும்வரை அந்த வார்த்தையை நினைத்துக்கொண்டே கார் ஓட்டினேன்.

செவ்வாய்க்கிழமை அவள் குப்பை போட வெளியே வந்திருக்கிறாள். மூன்று பூட்டும் திறந்து கிடந்த ஒரு நிமிடம். மிச்சம் உங்களுக்குத் தெரியும். அவள் பெயர் ஜெயமலர் என்பதை வானொலிச் செய்தியில்தான் கேட்டேன். பெயர் படத்தில் இல்லை, அதனால் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவளை நான் தொடவில்லை. அவளோடு எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை. எட்டு என்று சொன்னது நான்தான், யாரிடம் சொல்கிறேன் என்று தெரிந்துகொண்டே சொன்னேன். தான் எழுதியது பிழை என்று தெரிந்த பிறகு அதைத் திருத்தாமல் விடுகிறவன் விமர்சகனே இல்லை.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு விஷயம், இதை நிலாணி விடாமல் மொழிபெயர்க்க வேண்டும். அலெக்ஸாண்டரிடம் சொல்லுங்கள், அச்சில் இன்னும் ஆறு என்றுதான் இருக்கிறது.