முதல் அழுத்தல்

உங்கள் எழுத்தர் அந்தக் கீபோர்டின் தலையில் குட்டிக்கொண்டே இருக்கிறாரே, அதனால் பயன் ஒன்றும் இல்லை இன்ஸ்பெக்டர் ஐயா. வயரைப் பிடுங்கி, முன்பக்கத்துத் துளையை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் செருகச் சொல்லுங்கள். முன்பக்கத்தில் ஆளாளுக்கு எதையாவது செருகிச் செருகித் தொளதொளத்துப் போயிருக்கும். வந்துவிட்டது, பாருங்கள். இனி நான் சொல்வதை அவர் நிதானமாக அடிக்கலாம். எனக்கு அவசரம் எதுவும் இல்லை.

என் பிழைப்பே இதுதான். ஒரு மருந்துக் கிடங்கில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் லினக்ஸ். காலையில் போய் உட்கார்ந்ததுமே "சார், மவுஸ் செத்துப்போச்சு" என்று யாராவது வந்து நிற்பார்கள். பெரும்பாலும் எதுவும் செத்திருக்காது. அந்த மவுஸை வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பார்ப்பேன். அங்கே ஓடினால் மவுஸ் மேல் தப்பில்லை. வேறு மவுஸை இங்கே செருகிப் பார்ப்பேன். அதுவும் ஓடினால் கம்ப்யூட்டர் மேல் தப்பில்லை. இரண்டும் நன்றாக இருந்தால் உட்கார்ந்திருக்கிற ஆளில்தான் பழுது என்று சிரித்துக்கொண்டே சொல்வோம். வேடிக்கைக்குச் சொல்வதுதான். ஆனால் என் அண்ணன் விஷயத்தில் எல்லோரும் அதை நம்பினார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

அண்ணனைப் பெரியவன் என்றும் என்னைச் சின்னவன் என்றும்தான் வீட்டில் கூப்பிடுவார்கள். எங்கள் இருவருக்கும் மூத்தவள் அக்கா. பெரியவன் மீன் ஏலத்தில் விலை கூவுகிறவன். அவன் குரல் படகுத்துறையின் அந்தக் கோடிவரை கேட்கும். வீட்டிலும் அதே குரல்தான். எங்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அவன் வாயை மூடவில்லை, நான் வாயைத் திறக்கவில்லை, அதனால்தான் என்று அக்கா சொல்வாள். அது ஓரளவு உண்மை.

ஒருநாள் ஏலத்தின் நடுவிலேயே மூளையில் ரத்தக்குழாய் அடைத்து விழுந்தான். உயிர் பிழைத்தது. வலது கை கட்டைவிரலைத் தவிர வேறு எதுவும் பிழைக்கவில்லை. கண் இமைகூட அவன் பேச்சைக் கேட்கவில்லை. ஆனால் புத்தி பழுதில்லாமல் இருந்தது. நான்தான் அவனை என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கிடங்கில் கேட்டு, வேலையை வீட்டிலிருந்தே பார்க்க ஏற்பாடு செய்துகொண்டேன். ஒரு பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, அவன் பேசுவதற்கு வழி செய்து கொடுத்தேன். திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக ஒளிர்ந்துகொண்டே போகும். வேண்டிய வரிசை வரும்போது மவுஸை ஒரு தடவை அழுத்த வேண்டும், பிறகு வேண்டிய எழுத்து வரும்போது இன்னொரு தடவை. சொல் முடிந்ததும் மெஷின் குரல் படிக்கும். அவன் முதலில் எழுதியது, "உன் சட்டை கேவலமா இருக்கு." நான் அழுதேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. அவன் ஓரிரண்டு எழுத்து போட்டதுமே மீதியை நானே சொல்லிவிடுவேன். 'ஜ' வந்தால் ஜன்னல். 'த' வந்தால் தலையணை. பாவம், எதற்கு அவ்வளவு சிரமப்பட வேண்டும் என்றுதான். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சரியாக இல்லாதபோது அவன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவான். அவனுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி.

எங்கள் தெருவில் கரண்ட் அடிக்கடி போகும். பேட்டரி நீடிக்கட்டும் என்று லேப்டாப்பில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற ஒரு புரோகிராமைப் போட்டேன். அன்றிலிருந்து பெரியவனின் திரை வெறுமையாகிவிட்டது. எழுத்துகள் ஒளிர்ந்துகொண்டே போயின, ஆனால் அவன் எதையும் எடுக்கவில்லை. மவுஸை நான் எடுத்து ஆட்டினால் ஓடுகிறது. வயரை மாற்றினேன், துளையை மாற்றினேன், வேறு மவுஸ் போட்டேன். லினக்ஸ் எல்லாச் சாதனங்களையும் பெயர் சொல்லிக் காட்டியது, பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை. அவனுக்கு உள்ளேயும் அடைத்துவிட்டதோ என்று பயந்துபோனேன். பயந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு கண்டுபிடித்தேன். லினக்ஸில் ஒவ்வொரு யுஎஸ்பி சாதனத்துக்கும் சின்னதாக ஒரு ஃபைல் உண்டு, அதில் ஒரே ஒரு சொல் இருக்கும். 'ஆன்' என்று இருந்தால் சாதனம் விழித்தே இருக்கும். 'ஆட்டோ' என்று இருந்தால், யாரும் தொடாத நேரத்தில் தூங்கிவிடும். தூங்குகிற மவுஸை அழுத்தினால் அந்த அழுத்தல் அதை எழுப்புவதோடு சரி, கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேராது. நீங்களும் நானும் அதைக் கவனிக்கக்கூட மாட்டோம், மறுபடி அழுத்திவிடுவோம். பெரியவன் ஒரு தடவை அழுத்திவிட்டு, மூச்சு வாங்கி, அடுத்த அழுத்தலுக்கு விரலைத் தயார் செய்வதற்குள் மவுஸ் மறுபடி தூங்கிவிடும். அவனுடைய ஒவ்வோர் அழுத்தலும் முதல் அழுத்தல்தான்.

சொல்லை 'ஆன்' என்று மாற்றினேன். உடனே எழுதினான், "இத்தனை நாளா கூப்பிட்டேன்." மன்னிப்புக் கேட்டேன். அடுத்ததை எழுத அவனுக்குக் காலைப் பொழுது முழுவதும் ஆனது. 'அக்' என்று வந்ததும், "அக்காவைப் பாக்கணுமா? ஞாயித்துக்கிழமை வர்றாடா" என்றேன். அழித்தான். "முழுசா சொல்ல விடு" என்று எழுதினான். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மெஷின் படித்தது: "அக்கா வீட்டுக்குப் போறேன். உன்கூட இருந்தா மூச்சு முட்டுது."

ஜன்னலைத் திற என்று சொல்கிற அதே குரலில்தான் படித்தது. அந்த மெஷினுக்கு வேறு குரல் கிடையாது.

அக்கா முன்பே அவனைக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தாள். "ஆனா அவனா வர்றேன்னு சொல்லணும்டா. இல்லேன்னா உன்கிட்டேருந்து புடுங்கிட்டுப் போன மாதிரி ஆயிடும்" என்பாள். நல்ல மனசு அவளுக்கு. நான் அவனைக் குளிப்பாட்டினேன், குழாய் வழியாகக் கஞ்சி கொடுத்தேன், புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தேன். எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து அந்த ஒரு சொல்லைப் பழையபடி 'ஆட்டோ' என்று மாற்றினேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டாலும் மாறாதபடி, எந்த யுஎஸ்பி சாதனத்தைச் செருகினாலும் அதே சொல் வரும்படி இன்னொரு இடத்திலும் எழுதிவைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாவையும் கூட்டிவந்தாள். அவன் எழுதுவது நின்றுபோனதை முன்பே அவளிடம் சொல்லியிருந்தேன், சரியானதைச் சொல்லவில்லை. அதனால் மெஷினில்தான் கோளாறு இருக்கும் என்று, கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவரையும் அழைத்து வந்திருந்தாள். நான் எல்லோருக்கும் டீ போட்டேன். கடைக்காரர் கெட்டிக்காரர்தான், நான் கிடங்கில் செய்வதையெல்லாம் அப்படியே செய்தார். மவுஸைத் தன் லேப்டாப்பில் செருகினார், ஓடியது. தன் மவுஸை எங்கள் லேப்டாப்பில் செருகினார், ஓடியது. பிறகு எங்கள் மவுஸை எடுத்து மேஜைமேல் நாலு தேய்ப்புத் தேய்த்துவிட்டுத் தடதடவென்று அழுத்தினார். எழுத்து எழுத்தாக வந்து விழுந்தது. "பொருள் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மவுஸைப் பெரியவன் கைக்குக் கீழே வைத்தார்கள். அதன் அடியில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. தூங்கும்போது அணைந்துவிடும், அழுத்தினால் எரியும். அடியில் நான் ஒரு துண்டை மடித்து வைத்திருந்தேன், கை வழுக்காமல் இருக்கட்டும் என்று.

பயிற்சி அம்மா குனிந்து, "பெரியவரே, உங்க அக்காகூட போகணும்னா ஒரு தடவை அழுத்துங்க. அவசரமில்ல" என்றார். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். நான் துண்டைப் பார்த்தேன். துண்டின் ஓரத்தில் சிவப்பாக எரிந்து அணைந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி எரிந்து அணைந்தது. திரையில் எழுத்துகள் தம்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

"விரல் அசையுதே" என்றாள் அக்கா.

பயிற்சி அம்மா கடைக்காரரைப் பார்த்தார், அவர் உதட்டைப் பிதுக்கினார். பிறகு அந்த அம்மா அக்காவைத் தனியாக அழைத்துப் போய், "மெஷின் சரியா இருக்குங்களே. அது தானா வர்ற துடிப்பா இருக்கலாம். இப்ப அவருக்கு நாம பேசறது புரியுதான்னே சந்தேகமா இருக்கு" என்றார். அக்கா கூடத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். போகும்போது என் கையைப் பிடித்து, "அவன் சொல்லாம நான் எப்படிடா கூட்டிட்டுப் போறது? உன்கிட்டயே இருக்கட்டும். உன்ன மாதிரி யாருடா பாத்துக்குவா" என்றாள். சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வீடு அமைதியாக இருந்தது. துண்டை எடுத்துவிட்டேன். விளக்கு எரிந்ததும் அவனிடம் போவேன். ஜன்னலா? திறந்துவிட்டேன். விசிறியா? போட்டுவிட்டேன். முன்பைவிட நாங்கள் அதிகமாகப் பேசிக்கொண்டோம் என்றுகூடச் சொல்லலாம். மீதியை நான் சொல்லிக்கொண்டிருந்த காலம் போய், முழுவதையும் நானே சொன்னேன். அவன் அழிக்கவில்லை.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. புதைத்தவனைத் தோண்டியெடுத்துப் பார்த்து, குடல்வால் வெடித்திருக்கிறது என்று உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். துடைத்துவிடும்போது வயிறு பலகைபோல இருந்தது. சட்டை மாற்ற மாற்ற வியர்த்தது. விளக்கு எரிந்து அணைந்து எரிந்து அணைந்து, முன்பு எப்போதும் இல்லாத வேகத்தில் ஓடியது. அந்தச் சொல்லை மாற்ற உங்கள் எழுத்தர் ஒரு வரி அடிக்கிற நேரம் போதும். மாற்றியிருந்தால் எங்கே வலிக்கிறது என்று சொல்லியிருப்பான். அதற்கு அடுத்ததாக அக்கா என்பான். காய்ச்சல் மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தேன். டாக்டரைக் கூப்பிடவில்லை. வந்தால் அவரும் அவனிடம்தான் ஏதாவது கேட்பார்.

அவனை அடக்கம் செய்த பிறகு அக்கா அந்த லேப்டாப்பை ஞாபகத்துக்காக எடுத்துப்போனாள். நான் கொடுத்துவிட்டேன். அந்தச் சொல் அதில் இருப்பதே மறந்துபோயிற்று. அக்காவுக்கு டைப் அடிக்கத் தெரியாது. தனியாக ஒரு கீபோர்டைச் செருகி, ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அழுத்தினாளாம், எதுவும் விழவில்லையாம். பக்கத்தில் வேகமாக அடிக்கிறவர்களுக்கு மட்டும் விழுந்ததாம். அப்போதுதான் அவளுக்குப் பெரியவனின் விரல் ஞாபகம் வந்திருக்கிறது. உங்களிடம் வந்துவிட்டாள். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

சட்டப்படி அதற்கு என்ன பெயர் உண்டோ அதையே எழுதிக்கொள்ளுங்கள். அவன் பேச்சைப் பிடுங்கியது நான். வலிக்கிறது என்று அவன் சொன்னதைப் பார்த்துக்கொண்டே இருந்து அவனைச் சாகவிட்டதும் நான். கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் அவர் விடாமல் அடிக்கட்டும். கடைசி மத்தியானம் நான் அவன் பக்கத்தில்தான் இருந்தேன். விளக்கு அணைய அணைய எரிந்துகொண்டே இருந்தது. அவ்வளவு வேகமாக அவன் ஒருநாளும் அழுத்தியதில்லை. அந்த வேகத்தில் ஓரிரண்டு அழுத்தல் உள்ளேகூடப் போய்விட்டது. திரையில் 'அ' என்று ஒரே ஓர் எழுத்து வந்து நின்றது. நான் அவன் கைமேல் என் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, "புரியுதுடா, அழாத. நானும் உன்னை விட்டுட்டு எங்கயும் போகமாட்டேன்" என்றேன். அதற்குப் பிறகு அவன் அழுத்தவில்லை. அவனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.