மூன்று மாத முறை

தேத்தண்ணிக்கு நன்றி, மிஸ். சீனி போடாமல் தந்தது இன்னும் நல்லது, எனக்குச் சுகர். கொழும்பிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, இந்த வெக்கையில், ஒரு மீனவர் சங்கச் செயலாளர் பேசுவதை எழுதிக்கொள்ள உட்கார்ந்திருக்கிறீர்கள். மனித உரிமை என்றால் சும்மாவா? மெதுவாகவே சொல்கிறேன். பெயர் ஹெக்டர், வயது அறுபத்தொன்று. சங்கத்துக்குப் பத்தொன்பது வருடமாகச் செயலாளர். ஊர்ப் பாதுகாப்புக் குழு என்று ஒன்றை அமைக்கச் சொன்னார்கள். குறிப்புப் புத்தகம் என்னிடம் இருந்ததால் அதற்கும் நானே செயலாளர்.

எங்கள் வலைமுறையை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நான் ஏதோ குற்றம் செய்தவன் போலத் தெரியும். வாவியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரிப் படாது. பாலத்தடியில் வலை கட்டினால் ஒரு குடும்பம் சாப்பிடும். கரையில் கண்ணா மரக்காட்டு ஓரத்தில் கட்டினால் ஒரு பூனைகூடச் சாப்பிடாது. ஆகவே சீட்டுக் குலுக்குவோம். ஓரிடம் ஒருவருக்கு மூன்று மாதம். மூன்று மாதம் முடிந்தால் அவர் கம்பைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வருவார், அடுத்தவர் உள்ளே போவார். பாலத்தடி கிடைத்தவர் அழுதாலும் சரி, ஆண்டவரே வந்து சிபாரிசு செய்தாலும் சரி, வெளியே வரத்தான் வேண்டும். அதனால் எங்கள் ஊரில் சண்டை இல்லை.

போன வருடம் தொடக்கத்தில் ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் குழுவை நகரத்துக்கு அழைத்துப் பயிற்சி தந்தது. தேசிய பாதுகாப்பும் தனிமனித சுதந்திரமும் என்பது தலைப்பு. மத்தியானம் புரியாணி. ஒரு தம்பி பெரிய வெள்ளைத்தாளில் தராசு வரைந்தார். ஒரு தட்டில் நாடு, மற்றத் தட்டில் மனிதன். இரண்டும் சமனாக நிற்க வேண்டும் என்றார். நாட்டுக்குச் சமனாக எத்தனை மனிதனை வைக்க வேண்டும் என்று நான் கேட்டேன். நல்ல கேள்வி என்றார். அதற்குள் தேநீர் இடைவேளை வந்துவிட்டது.

ஏப்ரலில் முகாமின் பொறுப்பதிகாரி ஜீப்பில் வந்தார். தங்கமான மனிதர். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சங்கக் கட்டடத்துக்குள் காலெடுத்து வைத்தார்.

“ஹெக்டர் ஐயா, ஒங்க ஊர்ல இருந்து ஒரு பேர்கூட வரல்ல,” என்றார். “பக்கத்து ஊர் மூனு பேர் குடுத்திருக்கு. மேல கேக்குறாங்க.”

“சேர், எங்கட ஊர்ல அப்பிடிச் சந்தேகமான ஆக்கள் ஒருத்தரும் இல்லையே.”

“அதுதான் ஐயா சந்தேகம்.”

நியாயமாகத்தான் இருந்தது.

“ஒரு பேர் குடுத்தா எவ்வளவு காலம் சேர் வச்சிரிப்பீங்க?”

“தடுப்பு ஓடர் மூனு மாசம்.”

குழுவில் இருந்த ஏழு பேரும் ஒன்றாக மூச்சு விட்டோம். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. மூன்று மாதம் என்றால் எங்களுக்குத் தெரியாத விடயமா? ஒருவர் உள்ளே போவார், மூன்று மாதத்தில் வெளியே வருவார், அடுத்தவர் போவார். நாட்டுக்கும் ஓர் ஆள் எப்போதும் கையில் இருக்கும், ஊருக்கும் பாரம் ஒருவர் தலையில் விழாது. பயிற்சியில் அந்தத் தம்பி விட்ட இடத்தை நாங்கள் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிட்டோம்.

அன்று பின்னேரமே சீட்டுப் போட்டோம். கலியாணம் முடிக்காத பொடியன்மார் ஊரில் ஐந்து பேர்தான், மற்றவர்கள் கட்டாரில். ஐந்து சீட்டு எழுதினேன். சீட்டுக் குலுக்கும் டின் சிறியது என்பதால் நான்கை உள்ளே போட்டேன், ஐந்தாவதைச் சட்டைப்பையில் வைத்தேன். நான்கும் எடுத்து முடிந்த பிறகு அதையும் எடுத்து வாசித்தேன். என் மகன் அன்ரோ. கடைசி முறை. எல்லாருடைய முன்னிலையிலும்தான் வாசித்தேன், யாரும் ஆட்சேபிக்கவில்லை.

முதல் சீட்டு யதுர்ஷனுக்கு விழுந்தது. றொனால்ட் இரண்டாவது. உடனே றொனால்ட் எழும்பி, முறை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டான். வலைமுறையில் அதற்கு இடம் இருக்கிறது. இரண்டு பேர் செயலாளருக்கு முன்னால் வாயால் சொன்னால் போதும், நான் புத்தகத்தில் எழுதிவிடுவேன்; கையெழுத்துத் தேவையில்லை. யதுர்ஷனும் ஓம் என்றான்.

“ஓகஸ்டில எனக்குக் கலியாணம் மாமா. ஃபாதரிட்டத் திகதியும் எடுத்தாச்சு,” என்றான். “இப்ப போனா யூலையில வந்திருவன். மறுகா கலியாண வேலை பாக்கலாம்.”

“என்னகா, மாப்பிள்ளைக்கு எவ்வளவு அவசரம் பாருங்களன்,” என்று யாரோ சொன்னார்கள். “அரசாங்கச் சாப்பாட்டில கொழுத்து வந்து கோட்டுப் போட ஏலாமப் போகப்போறான்.”

ஊரே சிரித்தது. றொனால்டும் சிரித்தான். அவனுக்கு முடித்துக்கொடுக்க இருந்த பெண் டினோஷா மட்டும் சிரிக்கவில்லை.

“மூணு மாசமெண்டா மூணு மாசந்தானே மாமா?” என்று என்னைக் கேட்டாள்.

“ஓம் மகள். நம்மட வலைமுறை மாதிரித்தான்.”

அந்த நேரம் நான் சொன்னது பொய் இல்லை. இதைத் தனி வரியாக எழுதுங்கள், மிஸ்.

படிவத்தில் சந்தேகத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. வெறுமையாக விட்டால் படிவம் திரும்பி வரும். றொனால்டுக்கு, வாவியின் ஆழம் தெரிந்தவன் என்று எழுதினேன். யதுர்ஷனுக்கு, அதிகம் பேசமாட்டான். மூன்றாவது ஆளுக்கு, அதிகம் பேசுவான். நான்காவது ஆள் அளவாகப் பேசுவான். அது திட்டமிட்டது போல இருக்கிறது என்று எழுதினேன். ஒன்றுகூடப் பொய் இல்லை. ஊரில் யாரையும் கேட்டுப் பாருங்கள்.

யூலை பத்தாம் திகதி யதுர்ஷனைக் கூட்டிக்கொண்டு முகாம் வாசலுக்குப் போனேன். பையில் உடுக்க இரண்டு சாரம், பற்பசை, அவனுடைய அம்மா கட்டிக்கொடுத்த மாசிச் சம்பல். டினோஷாவும் றொனால்டைக் கூட்டிப்போக வந்திருந்தாள், சாறி உடுத்தியிருந்தாள். அடுத்த ஆளைக் கொண்டுவந்திருக்கிறோம், முதல் ஆளைத் தந்தால் போய்விடுவோம் என்று சேரிடம் சொன்னேன்.

சேர் என்னைப் பார்த்தார். பிறகு யதுர்ஷனின் பையைப் பார்த்தார்.

“ஐயா, நீங்க லிஸ்ட் போட்டு, முறை போட்டு, திகதி தவறாம ஆள் அனுப்புறீங்க,” என்றார். “இது ஒரு பெரிய ஓகனைசேஷன்.”

யதுர்ஷனை உள்ளே எடுத்தார். றொனால்டின் ஓடரை இன்னும் மூன்று மாதம் நீடித்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கவில்லை என்று உங்களிடம் சொல்லித் தப்பலாம். அது என் பழக்கம் இல்லை. அந்த வாசல் ஒரு பக்கம் மட்டும் திறக்கிற வாசல். நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு ஆளும் முன்னே போனவரைக் குற்றவாளி ஆக்குவான். அன்றைக்கே எனக்கு அது தெரியும்.

அப்படியென்றால் ஒக்டோபரில் மூன்றாவது ஆளை ஏன் அனுப்பினேன், ஜனவரியில் நான்காவது ஆளை ஏன் அனுப்பினேன் என்று கேட்கிறீர்கள். நீங்கள் படித்தவர், யோசித்துப் பாருங்கள். இரண்டு பேரை அனுப்பிவிட்டு நிறுத்தினால் அந்த இரண்டு பேருக்கும் எவ்வளவு பெரிய அநியாயம்? மற்றவர்கள் வெளியே திரிய, அவர்கள் மட்டும் உள்ளே கிடப்பதா? சமத்துவம் என்று ஒன்று இருக்கிறது. ஊருக்கு வேறு மாதிரிச் சொன்னேன். ஐந்து முறையும் முடிந்தால் எல்லாரையும் ஒன்றாக விடுவார்கள் என்றேன். நம்பிக்கை இல்லாத சனத்தை வைத்துக்கொண்டு ஒரு சங்கத்தை நடத்த முடியாது.

மூன்றாவது ஆளின் பெயர் இப்போது நினைவுக்கு வரவில்லை. புத்தகத்தில் இருக்கிறது.

டினோஷா அடிக்கடி வந்தாள். ஓகஸ்ட் வந்து போனது. கோயிலில் அந்தத் திகதியை வேறு சோடிக்குக் கொடுத்துவிட்டார்கள். அவள் சத்தம் போடமாட்டாள். முன் கதவில் சாய்ந்து நின்றுதான் கேட்பாள்.

“நீங்க குடுத்த பேர்தானே மாமா. நீங்களே போய்ப் பிழை எண்டு சொன்னா விடுவாங்கதானே?”

“ஒரு பேர் பிழை எண்டா முழு லிஸ்டும் பிழை எண்டு ஆகிரும் மகள். மறுகா எழுதின ஆளைக் கேப்பாங்க.”

“உங்களக் கேட்டா என்ன? உங்களுக்கு ஒண்டும் செய்யமாட்டாங்களே.”

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நிருவாகம் விளங்காது. முகாமில் போய் எழுதிக் கொடுக்கவும் செய்தாள். நகரத்தில் ஒரு சட்டத்தரணியையும் பிடித்தாள். பன்னிரண்டு மாதம் முடிந்தால் நீதிமன்றம், பிறகு விளக்கமறியல் சிறை, பிறகு வழக்கு, அதற்கு எத்தனை வருடம் என்று சொல்ல முடியாது என்று அவர் சொன்னாராம். அதையும் வந்து என்னிடமே சொன்னாள். வேறு யாரிடம் சொல்வாள்? எனக்கு அவளில் பட்சம் உண்டு, மிஸ். சின்னதில் என் வீட்டில்தான் ரீவி பார்க்க வருவாள்.

இந்த வருடம் ஏப்ரல் வந்தது. அன்ரோவின் முறை.

ஊர் ஒரு வாரமாக என் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. நேரே ஒருவரும் கேட்கவில்லை. “செயலாளர், மகனுக்குச் சாரம் வாங்கியாச்சா?” என்று மட்டும் கேட்டார்கள். அன்ரோ சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்: “அப்பா, நான் போகமாட்டன். அங்க போனா வாறல்ல எண்டு உங்களுக்குத் தெரியும்.” தெரியும்தான். அந்த வாரம் முழுவதும் இந்தத் தடுப்புச் சட்டத்தைப் பற்றி நான் ஆழமாகச் சிந்தித்தேன். விசாரணை இல்லாமல் ஒரு மனிதனை அடைத்து வைப்பது எவ்வளவு காட்டுமிராண்டித்தனம் என்று எனக்கு அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. அன்ரோவுக்கு நெஞ்சில் சளி வேறு.

ஒன்பதாம் திகதி காலையில் டினோஷா வந்தாள். இந்த முறை கதவில் சாயவில்லை, நேராக முன்னால் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

“என்ன வேணுமெண்டாலும் எழுதுங்க மாமா,” என்றாள். “அவர்ர இடத்துக்கு என்னைப் போடச் சொல்லுங்க. நான் போறன். அவர விட்டாக் காணும்.”

செயலாளருக்கு முன்னால் வாயால் சொன்னாள், மிஸ். நான் வற்புறுத்தவில்லை. உடனே புத்தகத்தை எடுத்தேன்.

அவள் சொன்னது றொனால்டின் இடம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் றொனால்டின் முறை முடிந்து ஒன்பது மாதம். முடிந்த முறையை மாற்ற விதியில் இடம் இல்லை. அப்போது நடப்பில் இருந்த முறை அன்ரோவுடையது. உள்ளே போய் அன்ரோவைக் கேட்டேன், டினோஷா முறை மாற்றச் சம்மதம் சொல்கிறாள், உனக்கும் சம்மதமா என்று. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு ஓம் என்றான். இரண்டு தரப்பும் சரி. நேரத்தையும் குறித்தேன்: காலை எட்டு நாற்பது. பிறகு அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். போகும்போது எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

காரணக் கட்டத்தில், தடுப்பில் உள்ளவரைப் பற்றி அடிக்கடி விசாரிப்பவர் என்று எழுதினேன். சேர் வாசித்துவிட்டு, ஐந்து படிவத்திலும் இதுதான் சரியான படிவம் என்றார்.

அடுத்த நாள் விடிய ஜீப் வந்தது. அவளுடைய அம்மா றோஸ்மேரி உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மை. டினோஷா கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள், பை கட்டியிருக்கவில்லை. றொனால்டை விடப்போகிறார்கள், கையெழுத்துப் போடத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, முகத்தைக் கழுவிக்கொண்டு ஓடிப்போய்த் தானாகவே ஏறினாள். நான் ஜீப்புக்குப் பக்கத்தில்தான் நின்றேன். திருத்தியிருக்கலாம்தான். அந்த நேரம் அவள் சந்தோசத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆக, மிஸ், உங்கள் கேள்விக்குப் பதில் ஓம். ஐந்து பெயரையும் கொடுத்தது நான். கடைசி மூவருக்கு, திரும்ப வரமாட்டார்கள் என்று தெரிந்தே கொடுத்தேன். அதில் ஒருத்தி பட்டியலில் இல்லாதவள். எல்லாம் புத்தகத்தில் முறைப்படி இருக்கிறது. ஒரு வெட்டுக்கூட இல்லை. கோபத்தில் செய்ததாகவோ பகையில் செய்ததாகவோ யாராலும் சொல்ல முடியாது.

முந்தாநாள் சேர் மறுபடியும் வந்தார். ஐந்து முறையும் முடிந்துவிட்டதால் புதுப் பட்டியல் வேண்டுமாம். அன்ரோவை இனிப் போட முடியாது. புத்தகத்தின்படி அவன் தன் முறையை முடித்துவிட்டான். பொடியன்மாரும் இல்லை. அதனால் இந்த முறை வயதுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, ஊர் விடயத்தை வெளியே கொண்டுபோய்ச் சொல்பவர்களிலிருந்து தொடங்கலாம் என்று குழுவில் ஒரு யோசனை. யோசனை என்னுடையதுதான்.

றோஸ்மேரி உங்களுக்கு எழுதிக் கொடுத்த முறைப்பாட்டில் முழுப்பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இருக்கும்தானே, மிஸ்? ஒருக்கால் மெதுவாக வாசியுங்கள். எழுதிக்கொள்கிறேன்.