மாமனாரின் கட்டைவிரல்

சிமெண்ட் மூட்டை தூக்குகிறவனுக்கு முதலில் தேய்வது முதுகு என்று எல்லாரும் நினைக்கிறார்கள், டாக்டர். முதலில் தேய்வது விரல் ரேகை. இருபத்தாறு வருஷத்தில் என் பத்து விரலும் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி ஆகிவிட்டன.

என் வியாதிக்கு நீங்களே பேர் எழுதிவிட்டீர்கள். அந்தப் படங்களைப் பார்க்காமல் அரை நாள் தாங்காது. நாற்பத்தைந்து வயதில் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டக் கற்றதுகூட, போனில் வரும் பெண்களுக்குப் பதில் எழுதத்தான். மனைவி அதைத் தெருவெல்லாம் பெருமையாகச் சொன்னாள்.

ரகசியமாக ஒரு போன் வாங்கினேன். நம்பர் போட்டுப் பூட்டினால் மறந்துபோகும். எழுதிவைத்தால் மனைவி படித்துவிடுவாள். என் விரலை அது ஏற்கவில்லை. மாமனார் எங்கள் வீட்டில்தான் பக்கவாதத்தில் கிடந்தார். பேச்சு போய்விட்டது, இடது கை மட்டும் அசையும். வாழ்நாளெல்லாம் பேனா வேலை பார்த்தவரின் கட்டைவிரல், ரேகை அச்சடித்தது போல் இருந்தது. அதைப் போனில் பதிந்துவிட்டேன்.

பிறகு போனைத் திறக்க அவரிடம்தான் போக வேண்டும். நாளைக்குப் பத்துத் தடவை போனேன். போனது போனேன், தண்ணீர் கொடுத்தேன், புரட்டிப் படுக்கவைத்தேன். "பெத்த பிள்ளைகூட இப்படிப் பாக்காது" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. பெற்ற பிள்ளையான என் மச்சானுக்கு அது சுருக்கென்றது.

ஒரு மத்தியானம் லாரி வந்த அவசரத்தில் போனை அவர் தலையணைக்கடியில் விட்டுவிட்டேன். சாயங்காலம் வீட்டில் இது யார் போன் என்று பஞ்சாயத்து. மச்சான் நீதிபதி.

"அத்தான், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க விரலையும் வைங்க."

"தாராளமா. மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்."

வைத்தேன். திறக்கவில்லை. கேட்காமலே மற்ற ஒன்பதையும் வைத்தேன். கடைசியில் மனைவி சும்மா அப்பாவின் விரலை வைத்தாள். திறந்தது. கூடவே பாதியில் நின்ற படத்தின் சத்தமும் வந்தது.

"ஏம்ப்பா, கால் விளங்காம கெடக்கும்போதும் உனக்கு இது கேக்குதா?" என்றாள் மனைவி.

"சரி, போனை யாரு வாங்கினா? இவரே நடந்து போனாரா?" என்றான் மச்சான். நல்ல கேள்வி. அதற்குள் அவன் அக்கா, என் மனைவி, தலையிலடித்துக்கொண்டு அழுததால் அது அப்படியே நின்றுவிட்டது.

மாமனார் என்னைப் பார்த்து "பா... பா..." என்றார். மன்னிப்புக் கேட்கிறார் என்று நான்தான் எல்லாருக்கும் விளக்கினேன்.

அவரை முதியோர் இல்லத்தில் தள்ளிவிட்டார்கள். பிள்ளைகள் எட்டிப் பார்க்கவில்லை. போனைக் குப்பையில் போடும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நான் இரண்டு பஸ் மாறி நாள் தவறாமல் போனேன். "ஏழு ஜென்மத்துக்கும் இப்படி மருமகன் கெடைக்காது" என்றாள் நர்ஸ். கடைசி மாதங்களில் என்னைக் கண்டாலே அவர் கையை மூடிக்கொள்வார். நான் முரட்டுத்தனம் செய்யவில்லை. ஒவ்வொரு விரலாக, மெதுவாகப் பிரிப்பேன்.

போன மாதம் இறந்துபோனார். முதலில் போய்ச் சேர்ந்தவன் நான். விரல் சில்லென்றிருந்தது. துண்டில் சுற்றித் தேய்த்துச் சூடேற்றியும் போன் ஏற்கவில்லை. அன்று நான் அழுத அழுகையைச் சொந்தக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள்.

மனைவிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "ஒரு தடவையாவது அப்பாவைப் போய்ப் பாத்திருக்கணுமோ?" என்கிறாள். உண்மையைச் சொல்லிவிடு என்கிறீர்கள். பாவம், தாங்கமாட்டாள். நேற்றுகூட அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னேன்.

"போகட்டும் விடு. நான் அவரை எப்பவோ மன்னிச்சிட்டேன்."