இன்ஹேலரை விட்ட பிள்ளை

— அந்த போர்டை எதுக்கு இப்பக் கழட்டுறீக?

— காத்து அடிக்குது. சாஞ்சு யாரு மேலயாவது விழுந்துறப் போகுது.

— காத்தா? வேப்பமரத்துல ஒரு இலை ஆடல.

— நீ ஏன் இங்குட்டு வந்த, ரஞ்சனி? பள்ளிக்கூடத்துல சத்துணவுக்கு அரிசி அளந்து போட வேணாமா?

— சமையக்காரம்மாவைப் பாத்துக்கச் சொல்லிட்டேன். ஆஸ்பத்திரியில இருந்து வாரேன். நீங்க சூப் கொதிக்க வைக்கன்னு நாலு மணிக்கே கிரவுண்டுக்குக் கெளம்பி வந்துட்டீக. அஞ்சு மணிக்கு அஜீஸா போன் போட்டுச்சு, மகன் ஆரிஃபுக்கு மூச்சு முட்டுதுன்னு. நான்தான் ஆட்டோ பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன்.

— கேள்விப்பட்டேன். வாக்கிங் வந்த முத்துராமலிங்கம் சார் சொன்னாரு. இப்ப எப்படி இருக்கான்?

— ஐசியுல வச்சிருக்காக. ஏழு வயசுப் பிள்ளைங்க. படுக்க முடியாம என் மடியில உக்காந்தே வந்தான். ‘அம்மா’ன்னு சொல்றதுக்கு ரெண்டு தடவை மூச்சை இழுத்தான். உதடு நீலம் பாஞ்சு போச்சு. விலா எலும்பு உள்ள போயிப் போயி வருது, அதுல கைய வச்சுப் பாத்துக்கிட்டே போனேன்.

— மார்கழிப் பனி இந்த வருசம் மோசம்.

— பனி எல்லாப் பிள்ளைக்குந்தான் பெய்யுது.

— அஜீஸா ஒழுங்காச் செஞ்சிருக்காது, ரஞ்சனி. தூதுவளை சூப்பை வெறும் வயித்துல குடுக்கச் சொன்னேன். ராத்திரி நொச்சி இலை போட்டு வேது பிடிக்கச் சொன்னேன். ஒரு நாள் செஞ்சு ரெண்டு நாள் விட்டா எப்படிக் கேக்கும்?

— ஒரு நாள் விடல. அது வீட்டுக்காரரு மீரான் அண்ணன் சவுதியில கெடக்காரு. இது ஒத்தையில, தினம் விடியக்காலம் பிள்ளைக்குக் குல்லா மாட்டி இந்த வண்டிக்கு முன்னால கொண்டாந்து நிறுத்தல? உங்க கையாலதான ஊத்திக் குடுத்தீக? ராத்திரி வேது பிடிச்சுச்சு. தயிரு, ஐஸு எதையும் கண்ணுல காட்டல. நீங்க சொன்ன அம்புட்டையும் செஞ்சுச்சு. இன்ஹேலரை மட்டுந்தான் விட்டுச்சு. அதுவும் நீங்க சொன்னதுதான்.

— நான் விடுன்னு சொல்லலையே.

— போர்டைத் திருப்புங்க. என்ன எழுதியிருக்கு?

— உனக்குத் தெரியாதா?

— உங்க வாயால வாசிங்க.

— விடு, ரஞ்சனி. ஆளுக பாக்குறாக.

— அப்ப நான் வாசிக்கிறேன். ‘சோணை மூலிகை சூப். என் மகள் சத்தியப்பிரியா இன்ஹேலரை விட்டு மூன்று மாதம்.’ அதுக்கு மேல நம்ம பிள்ளை சிரிச்சுக்கிட்டு நிக்கிற படம். கார்த்திகையில அஜீஸா நம்ம வாசல்ல நின்னு கேட்டுச்சு, நெசமாவே சத்தியா அதை விட்டுட்டாளாண்ணேன்னு. நீங்க என்ன சொன்னீக?

— ஆமான்னேன்.

— அம்புட்டுத்தானா?

— இன்ஹேலர் பழகிப்போனா ஆயுசுக்கும் விடாது, உன் பிள்ளைக்கும் நிறுத்திப் பாருன்னேன். பாருன்னுதான் சொன்னேன்.

— அதைக் கேட்டு அது நிறுத்திருச்சு. இன்னைக்கு டாக்டரம்மா கேக்குறாக, தினம் போடுற மருந்தைப் போட்டீகளான்னு. மாமியா பக்கத்துல நிக்குது. பயந்துபோயி, போட்டேன்னு சொல்லிருச்சு. நான் டாக்டரம்மா பின்னாடியே ஓடி, இல்லம்மா, நிறுத்தி ஒன்றரை மாசமாச்சுன்னு சொல்லிட்டு வந்தேன். டாக்டரம்மா ஏசுனது எனக்குக் காதுலயே ஏறல. பிள்ளை மேல கண்ணா இருந்தேன். இப்பத்தான், ஏழு மணிக்கு மேல, உதட்டுல ரத்த ஓட்டம் தெரியுது. பொழச்சுக்குவான்னு சொல்லியிருக்காக.

— அப்பாடா. நல்லவேளை.

— முழுசாக் கேளுங்க. வராண்டாவுல அஜீஸா என் கையப் பிடிச்சுக்கிட்டு என்ன கேட்டுச்சு தெரியுமா? ‘உங்க பிள்ளைக்கு மட்டும் எப்படிக்கா கேட்டுச்சு? நான் எங்க தப்புப் பண்ணினேன்? மிளகு கொறஞ்சு போச்சா? வீட்டுக்குப் போனதும் இன்னும் ஒழுங்காச் செய்யுறேங்கா’ங்குது. பிள்ளை கண்ணாடிக்கு அங்குட்டுக் கெடக்கு, இது மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கப் போகுதாம். நீங்க இப்ப வரணும். வந்து அதுகிட்ட உண்மையச் சொல்லணும்.

— என்ன உண்மை? நம்ம பிள்ளை நல்லாத்தான இருக்கு?

— நல்லாத்தான் இருக்கு. எதனாலன்னு நான் சொல்றேன். நின்னுக்கிட்டே கேப்பீகளா, உக்காந்துக்கிறீகளா?

— சொல்லு.

— புரட்டாசியில அவ இன்ஹேலரை நீங்க குப்பையில எறிஞ்சீக. அன்னைக்குச் சாயங்காலமே புதுசு வாங்கிட்டேன். பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூம்ல, பருப்பு டின்னுக்குப் பின்னால இருக்கு. காலையில பெல் அடிக்கிறதுக்கு முந்தி ரெண்டு பஃப், சாயங்காலம் கெளம்பும்போது ரெண்டு பஃப். லீவு நாள்ல என் பையில இருக்கும். ஒரு நாள் தப்பல. அப்பாகிட்டச் சொல்லாதடீன்னு சொல்லி வச்சேன். ஒம்பது வயசுப் பிள்ளை, மூணு மாசமா உங்க மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்லிக்கிட்டுத் திரியுது.

— ம்.

— உங்க சூப்பை நான் கொற சொல்லலைங்க. தொண்டைக்கு இதமாத்தான் இருக்கு, சளி இளகத்தான் செய்யுது. எனக்கே தடுமம் பிடிச்சா அதைத்தான் கேட்டுக் குடிக்கிறேன். மருந்தோட சேத்துக் குடிச்சிருந்தா ஒரு பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது.

— ம்.

— அஜீஸா வாசல்ல வந்து கேட்டப்ப நானும் நிலைப்படியிலதான் நின்னேன். வாயத் தொறந்திருக்கணும். தொறக்கல. மில்லு மூடுனதுக்கப்புறம் ஒரு வருசம் செவுத்தைப் பாத்துப் படுத்துக் கெடந்தீக. இந்த வண்டியப் போட்டப்புறந்தான் எந்திரிச்சு, சவரம் பண்ணி, நாலு பேரு கூடச் சிரிச்சுப் பேசுனீக. டாக்டர்கிட்டக் கேக்குற மாதிரி ஆளுக உங்ககிட்ட யோசனை கேட்டு நிக்கிறாக. அதைப் போயி கெடுக்கணுமான்னு இருந்துச்சு. இன்னைக்கு அந்தப் பிள்ளை என் மடியில மூச்சுக்கு அடிச்சுக்கிட்டப்பத்தான் தெரிஞ்சுச்சு, நான் எதைக் காப்பாத்த எதைக் குடுத்திருக்கேன்னு.

— அழுகாத. பாத்திரத்தை ஏத்திட்டு வாரேன்.

— பாத்திரம் கெடக்கட்டும். வேற யாருக்கெல்லாம் நிறுத்தச் சொன்னீக?

— ரெண்டு பேரு. கோவில் தெருவுல செந்தாமரையோட பேரன். அப்பறம் அந்த பேங்க்காரரு, அவருக்கே.

— மொதல்ல ரெண்டு பேருக்கும் போன் போடுங்க.

— போட்டுட்டேன். முத்துராமலிங்கம் சார் சொன்ன அடுத்த நிமிசமே போட்டுட்டேன். இன்னைக்கே டாக்டரைப் பாக்கச் சொல்லி, மருந்தைத் திரும்ப எடுக்கச் சொல்லிட்டேன்.

— நான் வர்றதுக்கு முந்தியேவா?

— ம்.

— ஏங்க, நான் இம்புட்டுச் சொல்றேன். மூணு மாசமா உங்க முதுகுக்குப் பின்னால செஞ்சிருக்கேன். ஒரு வார்த்தை ஏசல நீங்க. ஏசிருங்க, எனக்குக் கொஞ்சம் தேவலையா இருக்கும்.

— ஏச என்ன இருக்கு? ஏறு வண்டியில. போவோம்.

— அஜீஸாகிட்ட நானே சொல்லிக்கிறேன். உங்க அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது, சத்தியா நெசமாவே விட்டுட்டான்னு நம்பித்தான் உன்கிட்டச் சொன்னாரு, மறைச்சது நான்தான்னு சொல்லிடுறேன். அதுக்கு உங்க மேல ஆத்திரம் வராது.

— அப்படிச் சொல்லாத, ரஞ்சனி.

— ஏன்? அதுதான நடந்துச்சு?

— ஐப்பசியில ஒரு நாள் அடைமழை. உங்க ரெண்டு பேருக்கும் குடை குடுக்கலாம்னு பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். ஸ்டோர் ரூம் ஜன்னல் தொறந்திருந்துச்சு. நீ அவ மூக்கைத் தொடச்சுவிட்டு, ரெண்டு பஃப் குடுத்து, பத்து எண்ணுடின்னு சொன்ன. அவ விரலை மடக்கி எண்ணுனா. குடையைக் குடுக்காமலே திரும்பி வந்துட்டேன். அஜீஸா நம்ம வாசல்ல வந்து கேட்டது, அதுக்கு இருபது நாள் கழிச்சு.