நாலு பம்பு கூடுதல் காற்று

காற்று அடிப்பதில் எனக்கு முப்பத்தொரு வருஷப் பழக்கம், ஐயா. சைக்கிள் கடை வைத்திருந்தேன். டயரைக் கட்டைவிரலால் ஒருதரம் அழுத்தினால் போதும், எவ்வளவு குறைகிறது என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் மகளுக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வந்த பிசியோதெரபிப் பெண், அந்த ரப்பர் மெத்தையை என் பொறுப்பிலேயே விட்டார். வட்டமாக, சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். உள்ளே காற்று. அதன்மேல் மகள் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். மெத்தை ஆட ஆட, கால் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளப் பழகுமாம்.

"பத்து பம்பு போதும்ப்பா. அதுக்கு மேல போனா ரொம்ப உருளும். பின்னாடியே நில்லுங்க, கைய மட்டும் எடுத்துடாதீங்க" என்றார்.

மகளுக்கு இருபத்தேழு வயது. வேலைக்குப் போன ஊரில் ஒரு வேன் இடித்துக் கால் நொறுங்கிவிட்டது. தகடு வைத்து, திருகாணி முடுக்கி, ஐந்து மாதமாக என்னோடு இருந்தாள். மாதக் கடைசிவரை பொறுப்பதாக அவள் ஆபீசில் சொல்லியிருந்தார்கள். முப்பது விநாடி நின்றுவிட்டால் பிசியோ பெண் சான்றிதழ் எழுதிக் கொடுப்பார். இவள் பெட்டியைக் கட்டிவிடுவாள்.

அவள் அம்மா போனபிறகு, சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்க வீட்டில் ஆளில்லை. அதை ஒரு காரணமாக நான் சொல்லவில்லை. அந்த ஊர் ரோட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பெற்றவன் மறுபடி எப்படி அனுப்புவான்?

அவள் பதினைந்து விநாடி நின்ற மறுநாள் பதினோரு பம்பு அடித்தேன். இருபதைத் தொட்டபோது பன்னிரண்டு. பிறகு பதினாலு. காலையில் அவள் பல் தேய்க்கும் நேரத்தில் வேலையை முடித்துவிடுவேன். பிசியோ பெண் மெத்தையைத் தொட்டுப் பார்த்ததே இல்லை. "நீங்க இருக்கறப்ப எனக்கென்ன கவலை" என்பார். மகள் தடுமாறி என் கையில் விழுவாள், மறுபடி ஏறுவாள், மறுபடி விழுவாள். கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுவாள்.

"என் கால் எனக்கே அடங்க மாட்டேங்குதுப்பா. நான் ஒழுங்கா முயற்சி பண்ணலையோ?"

"விடு பாப்பா, இப்ப என்ன அவசரம்" என்று தலையைத் தடவிக் கொடுப்பேன். எனக்கும் அழுகை வரும். பொய்யழுகை இல்லை, ஐயா.

வியாழக்கிழமை நடந்ததைத்தானே கேட்கிறீர்கள்? பதினாலு பம்பு மெத்தையில் ஏறினாள். பின்னால் நான், கைகளை விரித்தபடி. சத்தமாக எண்ணினாள். பதினைந்து, இருபது. கால் வெடவெடத்தது, ஆனால் நின்றது. நான் கூட்டிய காற்றே அவள் காலைத் தேற்றியிருக்கிறது. அதை நான் யோசிக்கவில்லை. இருபத்தைந்தில், "அப்பா, நிக்கிறேன் பாருங்க" என்று திரும்பாமலே சிரித்தாள். முப்பதுக்கு இன்னும் ஐந்தே விநாடி.

இருபத்தெட்டில் மெத்தையின் விளிம்பைக் காலால் லேசாகத் தள்ளினேன். கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

தகடு வளைந்துவிட்டது. இந்தத் தடவை இடுப்பெலும்பும் போயிற்று. இனி நடப்பது சந்தேகம் என்று டாக்டர் சொன்னார். மகள் அவரிடம், "அப்பா மேல தப்பில்ல டாக்டர், நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றாள். அதற்குப் பிறகுதான் பிசியோ பெண் மெத்தையைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்துவிட்டு, உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. ஆஸ்பத்திரியில் மதியச் சாப்பாட்டைக் கட்டிலுக்கு எட்டாத மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் போய் ஊட்டினால்தான் உண்டு. பாவம், என்னை விட்டால் அந்தக் குழந்தைக்கு வேறு யார் இருக்கிறார்கள்?