நாற்பத்து மூன்றாவது பொருள்

செர்ரோ பார்தோ மலைமுடி விண்ணோக்ககத்தில் இருபத்தொன்பது ஆண்டுகள் பார்வையாளர்க்கு வழிகாட்டி, இன்று ஓய்வு பெறும் எடெல்மிரா பர்ராசா அம்மையார் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உவந்தளிக்கும் மடல்

மலையேறி வந்தோரை மலர்முகத்தோடு வரவேற்ற மாண்பே! பெருங்கண்ணாடிக்குப் பெருங்காவலே! பிறர் பைகளைத் துழாவுவதில் பின்வாங்காத பெண்சிங்கமே! வணக்கம்.

சனிக்கிழமைதோறும் பள்ளத்தாக்கிலிருந்து பேருந்தேறி வரும் பாட்டாளிகளும் பள்ளிப் பிள்ளைகளும், தொலைநோக்கியின் நான்கு மீட்டர்க் கண்ணாடியை மேல்தளத்திலிருந்து எட்டிப் பார்க்குமுன், சாவி, சில்லறை, கொண்டையூசி அனைத்தையும் தங்கள் மரத்தட்டில் இட்டாக வேண்டும். "மேலேர்ந்து ஒரு ஊசி விழுந்தாலும் போச்சு! பல்செட்டு ஆடுதா? அதையும் கழட்டி வைங்க" என்று மேயரையே மிரட்டினீர்கள். அவரும் கழற்றினார். பட்டியல் எழுதிய பென்சிலையும் பட்டியலில் சேர்த்து, கடைசியாகத் தட்டில் வைப்பது தங்கள் வழக்கம்.

கண்ணாடியில் ஏதேனும் விழுந்தால் பொதுமக்கள் வருகை அன்றோடு நிறுத்தப்படும் என்பது இயக்குநர் அல்கயாகாவின் கட்டளை. இத்தனை ஆண்டுகளில் அந்தக் கட்டளைக்கு வேலையே வைக்காதவர் தாங்கள்.

அது தங்கள் கடைசிச் சனிக்கிழமையிலா நடக்க வேண்டும்! பார்வையாளர் இறங்கியபின் எண்ணினால், பட்டியலில் நாற்பத்து மூன்று, தட்டில் நாற்பத்திரண்டு. காணாதது தங்கள் பென்சில். வாய் திறக்காமல் வீட்டுக்குப் போயிருந்தால் கேட்பார் யாருமில்லை. தாங்களோ நேரே இயக்குநரிடம் போய், "என் பென்சிலைக் காணோம் சார். கண்ணாடி மேல விழுந்திருக்கும். தப்பு என்னோடது, வந்த ஜனங்க மேல பழி போடாதீங்க" என்றீர்கள். 

இரண்டு மணி நேரம் தேடினோம். கண்ணாடியைச் சுற்றிய இண்டு இடுக்குகளிலெல்லாம் விளக்கடித்தோம். சல்லடை போட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. சோர்ந்துபோய்த் தாங்கள், மேல்தளம் ஏறுமுன் மாட்டிய தலைக்கவசத்தைக் கழற்றியபோது, தட்டிலிருந்த தன் கத்திக்காகக் கீழே காத்திருந்து, அதைக் கேட்க வந்தார் அன்றைய பார்வையாளரில் ஒருவரான ஆட்டுப்பால் சீஸ் விற்கும் நிகனோர்.

"ஏம்மா, இவ்வளவு நேரமா என்னத்தைத் தேடுறீங்க?"

"பென்சில்."

"உங்க கொண்டையில சொருகியிருக்கே, அதுவா?"

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. கண்ணாடி பிழைத்தது, சனிக்கிழமை பிழைத்தது. தாங்கள் நிகனோரின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பி அழ, இயக்குநர் படிக்கட்டில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒளிக்காம வந்து சொன்னாங்க பாருங்க, அது போதும். இனிமே எது விழுந்தாலும் சரி, சனிக்கிழமை நிக்காது" என்றார். அந்தக் கட்டளை அன்றே கிழிக்கப்பட்டது. தங்களால் எங்களுக்குக் கிடைத்த பெரும்பேறு இதுவே.

அன்னையே! நோயின்றி, மூட்டுவலியின்றி, நூறாண்டு வாழ்க! வீட்டில் அலுத்தால் எந்தச் சனிக்கிழமையும் மலையேறி வாருங்கள். வாசலில் அதே தட்டோடு நாங்கள் நிற்போம். கொண்டையைக் காட்டிய பிறகே உள்ளே விடுவோம்.

தங்கள் தட்டுக்கு அஞ்சியே பழகிய,
செர்ரோ பார்தோ விண்ணோக்கக ஊழியர்கள்,
சிலி